பெரிய மரங்களில் எஃப்எஸ்டி 0.04: மரபணு ஓட்டம் நன்றாக இருக்கிறது என்று எழுதிவிடலாமா?

குருத்தோலை எழுதியது:

காட்டில் வளரும் பனைக் குடும்ப மரம் ஒன்று. ஒற்றைத் தண்டு. ஒரே பாளையில் ஆண் பூவும் பெண் பூவும் உண்டு, வண்டுகள்தான் மகரந்தம் சுமக்கின்றன. ஒரே காடாக இருந்தது 40 ஆண்டுக்கு முன் நாலு துண்டாகிவிட்டது. துண்டுகளுக்கு நடுவே 2 முதல் 3 கி.மீ. மேய்ச்சல் நிலம். துண்டுக்கு 30 காய்ப்பு மரம் வீதம் 120 மரங்களை 12 மைக்ரோசாட்டிலைட்டுகளில் (மரத்துக்கு மரம் நீளம் மாறும் டிஎன்ஏ இடங்கள்) ஓட்டியாயிற்று. துண்டுகளுக்கு இடையிலான எஃப்எஸ்டி (மரபணு அளவில் கூட்டங்கள் எவ்வளவு பிரிந்திருக்கின்றன என்ற அளவு, சுழி என்றால் பிரிவே இல்லை) 0.04.

மூன்று சந்தேகங்கள்.

எஃப்எஸ்டியிலிருந்து வரத்தை (ஒரு தலைமுறையில் வெளியிலிருந்து வந்து கலப்பவை எத்தனை என்பதை) கணக்கிடும் சூத்திரத்தில் (1 − 0.04) ÷ (4 × 0.04) என்று போட்டால் 6 வருகிறது. "தலைமுறைக்கு ஆறு வரத்து, ஆகவே துண்டானதால் பாதிப்பில்லை" என்று எழுதலாமா?

மரங்களை மரபணு ஒற்றுமைப்படி குழுக்களாகப் பிரிக்கும் ஸ்ட்ரக்சர் மென்பொருளில், குழு எண்ணிக்கையை (கே) தேர்ந்தெடுக்கும் எவான்னோ முறைப்படி கே = 2 சரி என்று வருகிறது. ஆனால் இரண்டாவது குழுவில் விழுபவை எல்லாம் ஒரே துண்டின் ஒரு மூலையில் நிற்கும் மரங்கள். இது என்ன குழு?

கன்றுகளையும் எடுக்கலாம் என்று தொடங்கியதில், முதிர்ந்த ஓலையில் எடுத்த டிஎன்ஏ பழுப்பாகக் கொழகொழவென்று வருகிறது. பிசிஆர் (டிஎன்ஏவைப் பல மடங்கு பெருக்கும் வினை) பாதிக்குப் பாதி ஓடவில்லை.


ஈர்க்கு எழுதியது:

முதல் சந்தேகத்துக்கு நேர் பதில்: எழுதக் கூடாது.

அந்த 6 எதைச் சொல்கிறது என்று பாருங்கள். இன்று காய்க்கும் மரங்கள் எப்போது விதையாக விழுந்தவை? காட்டுப் பனை இனங்கள் பல, தண்டு தரைக்கு மேல் வரவே பத்துப் பதினைந்து ஆண்டு எடுத்துக்கொள்ளும். காய்ப்புக்கு வர இன்னும் கூடுதல். உங்கள் 120 மரங்களில் பெரும்பாலானவை காடு ஒன்றாக இருந்தபோதே முளைத்தவையாக இருக்கும். அவற்றின் மரபணுக்கள் சொல்வது பழைய காட்டின் கதை. நடுவில் நாளைக்கே மதில் எழுப்பினாலும் அந்த 0.04 மாறப்போவதில்லை.

இன்னொன்று, அந்தச் சூத்திரம் முடிவில்லாத எண்ணிக்கையில் தீவுகள், எல்லாம் ஒரே அளவு, எல்லாவற்றுக்கும் இடையே ஒரே வரத்து, பல தலைமுறைகளாக மாறாத சமநிலை என்று எடுத்துக்கொண்டு போடப்பட்டது. 40 ஆண்டுக்கு முன் வெட்டுப்பட்ட காட்டில் இதில் ஒன்றுமே பொருந்தாது. 1999-லேயே விட்லாக், மெக்காலே இருவரும் இதை விரிவாக எழுதிவிட்டார்கள். இன்றும் ஆய்வேடுகளில் இந்த எண் வந்துகொண்டேதான் இருக்கிறது. எஃப்எஸ்டியை எஃப்எஸ்டியாகவே கொடுங்கள், வரத்துக் கணக்காக மாற்ற வேண்டாம்.

இழப்பு எவ்வளவு மெதுவாகத் தெரியும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. ஒரு தலைமுறைக்கு ஹெட்டிரோசைகோசிட்டி (ஒரே மரபணு இடத்தில் இரு வேறு வடிவங்கள் இருக்கும் விகிதம்) 1/(2 × பயனுறு கூட்ட அளவு) என்ற வீதத்தில் குறையும்; பயனுறு கூட்ட அளவு என்பது அடுத்த தலைமுறைக்கு உண்மையில் மரபணு தரும் மரங்களின் கணக்கு. பயனுறு அளவு 50 என்றால் தலைமுறைக்கு 1 சதவீதம். பத்தாகவே சுருங்கினாலும் 5 சதவீதம்தான். உங்கள் இனத்தில் ஒரு தலைமுறை 40 ஆண்டைத் தாண்டும் என்றால் அந்த ஒரு சதவீதம்கூட இன்னும் முழுதாக நடந்திருக்காது. 12 இடங்களை வைத்து அதைப் பார்க்க முடியாது.

முதலில் அடிபடுவது அரிய அல்லீல்கள் (ஒரே மரபணு இடத்தின் மாற்று வடிவங்கள்). 0.02 அலைவெண்ணில் இருக்கும் அல்லீல், பத்து மரம் மட்டும் மிஞ்சினால் காணாமல் போக வாய்ப்பு 0.98-இன் 20-ஆம் அடுக்கு (பத்து மரத்தில் 20 நகல்), அதாவது சுமார் 67 சதவீதம். 0.3-இல் இருக்கும் அல்லீலுக்கு அதே வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றுகூட இல்லை. ஹெட்டிரோசைகோசிட்டியை ஏற்றி இறக்குவது பெரும்பாலும் அந்த 0.3 வகைதான். அதனால் சராசரி ஹெட்டிரோசைகோசிட்டி குறையவில்லை என்று நிம்மதி அடைவது அவசரம். அல்லீல் வளத்தை (எத்தனை வகை அல்லீல் இருக்கிறது என்பதை) பாருங்கள், மாதிரி எண்ணிக்கையைச் சமன்செய்து. 30 மரத்துக்கு 9 அல்லீல், 18 மரத்துக்கு 7 அல்லீல் என்று அப்படியே பக்கத்தில் வைத்தால் அது ஒப்பீடே இல்லை.

எண்ணெய்ப்பனையை நினைத்துக்கொள்ளுங்கள். தென்கிழக்கு ஆசியாவின் டெலி வகை முழுவதும் 1848-இல் போகோர் தாவரவியல் பூங்காவில் நட்ட நாலே நாலு கன்றுகளிலிருந்து வந்தது. தோட்டம் தோட்டமாக லட்சக்கணக்கில் நின்றது. மரங்கள் செழிப்பு, காய்ப்பு அமோகம். ஆனால் அந்த நாலு கன்றில் இல்லாத அல்லீல் எத்தனை லட்சம் மரம் நட்டாலும் வராது. பிறகு ஆப்பிரிக்காவிலிருந்து வேறு மரபு கொண்டுவந்து கலக்க வேண்டியிருந்தது.

ஆகவே செய்ய வேண்டியது வயதுவாரியாகப் பிரிப்பது: காய்ப்பு மரம், தண்டு விடாத இளமரம், ஓரிரு இலைக் கன்று. மூன்றையும் தனித்தனியாக ஓட்டி, எஃப்எஸ்டி, அல்லீல் வளம், உள்ளினக் கெழு (உறவுக்குள் இனப்பெருக்கம் எவ்வளவு என்ற அளவு) மூன்றும் பெரியதிலிருந்து சிறியதை நோக்கி எப்படிப் போகின்றன என்று பாருங்கள். கன்றுகளில் எஃப்எஸ்டி ஏறினால் அதுதான் வெட்டியதன் விளைவு. ஒரு எச்சரிக்கை: கன்றுகளில் உள்ளினக் கெழு கூடுதலாகவும் பெரிய மரங்களில் சுழிக்கு அருகிலும் இருப்பது துண்டாகாத காட்டிலும் நடக்கும். தன்மகரந்தத்தில் பிறந்த கன்றுகள் வழியிலேயே சாவதால் அப்படி. வெட்டாத காடு ஒன்று ஒப்பீட்டுக்குக் கிடைத்தால் விடாதீர்கள்.

மர வயதுக்கு வளையம் பார்க்க முடியாது, பனைக் குடும்பத்தில் இரண்டாம் நிலை வளர்ச்சி கிடையாது. மட்டைத் தழும்புகளை எண்ணி, ஆண்டுக்கு எத்தனை மட்டை விடுகிறது என்பதால் வகுத்து, தண்டு விடுவதற்கு முந்தைய காலத்தைக் கூட்டித்தான் மதிப்பிட வேண்டும்.


கொட்டாங்கச்சி எழுதியது:

ஸ்ட்ரக்சர் விஷயம். ஒரே மூலை என்று நீங்கள் சொன்னதிலேயே விடை இருக்கிறது. அது ஒரு குடும்பம். அந்த மென்பொருள் ஹார்டி-வைன்பெர்க் சமநிலையில் (தற்செயலாகக் கலந்து பெருகும் கூட்டத்தில் எதிர்பார்க்கும் மரபணு விகிதத்தில்) இருக்கும், தங்களுக்குள் உறவில்லாத மரங்களை எதிர்பார்க்கிறது. ஒரு தாய் மரத்தைச் சுற்றி விழுந்து வளர்ந்த சகோதர மரங்கள் பத்துப் பன்னிரண்டு உள்ளே வந்தால் அவற்றைத் தனி இனக்கூட்டம் போலக் காட்டும். கூடவே இன்னொரு கோளாறு: எவான்னோ முறை ஒரு கேவிலிருந்து அடுத்த கேவுக்கு உள்ள மாற்றத்தைப் பார்ப்பது. அதனால் கே = 1 என்ற விடையை அதால் சொல்லவே முடியாது. உண்மையில் பிரிவே இல்லாத தரவுக்கும் 2 என்று சொல்லும். ஒவ்வொரு கேவுக்கும் வரும் நிகழ்தகவு மதிப்புகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

சோதிக்க வழி: அந்த மூலை மரங்களுக்குள் ஜோடி ஜோடியாக உறவுக் கெழு (கின்ஷிப்: இருவரும் ஒரே மூதாதையின் அதே அல்லீலைப் பெற்றிருக்கும் வாய்ப்பு) எடுங்கள். ஒரு தாய் இரு தந்தை என்றால் 0.125 அருகில், ஒரே தாய் ஒரே தந்தை என்றால் 0.25 அருகில் வரும். அப்படி வந்தால் குடும்பத்துக்கு ஒன்றை வைத்துக்கொண்டு மீண்டும் ஓட்டுங்கள், இரண்டாவது குழு கரைந்துவிடும். எஃப்எஸ்டியும் சற்றுக் குறையலாம்.

ஆனால் குடும்பங்களைத் தூக்கி எறியாதீர்கள். அவை எவ்வளவு தூரம் பரவியிருக்கின்றன என்பதுதான் விதை எவ்வளவு தூரம் போகிறது என்பதற்கான தடயம். மரங்களின் ஜிபிஎஸ் இடங்கள் இருக்கும்தானே? ஸ்பாகெடி மென்பொருளில் உறவுக் கெழுவை தூரத்தின் மடக்கை மேல் வரைந்து எஸ்பி (தூரம் கூடக் கூட உறவு எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்ற அளவு) எடுங்கள்: சாய்வின் எதிர்மதிப்பு ÷ (1 − முதல் தூர வகுப்பின் சராசரிக் கெழு). சாய்வு −0.02, முதல் வகுப்பு 0.10 என்றால் 0.02 ÷ 0.9, சுமார் 0.022. முதல் தூர வகுப்பில் குறைந்தது நூறு ஜோடியாவது விழுகிறமாதிரி வகுப்பை அகலமாக்குங்கள், இல்லாவிட்டால் ஒரு குடும்பமே கோட்டைத் தூக்கிவிடும். காட்டுக்குள் கூரைக்கு அடியில் ஜிபிஎஸ் 10 மீட்டர் வரை தவறும், ஆகவே அருகருகே நிற்கும் மரங்களை டேப் வைத்து அளப்பது நல்லது.


பாளைக்கத்தி எழுதியது:

பழுப்பு டிஎன்ஏ பற்றி மட்டும் சொல்கிறேன், மற்றதை மேலே உள்ளவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

முதிர்ந்த ஓலையை விடுங்கள். நார், சிலிக்கா மணி, பாலிஃபீனால், பாலிசாக்கரைடு எல்லாம் சேர்ந்த சரக்கு அது. ஈரக் காட்டில் அதன் மேல் பாசியும் லைக்கனும் வேறு ஒட்டியிருக்கும். மைக்ரோசாட்டிலைட்டுக்கு அது பெரிய தொல்லை இல்லை, எஸ்என்பி (டிஎன்ஏவின் ஓரெழுத்து மாற்றங்கள்) வரிசைப்படுத்தலுக்குப் போனால் தொல்லைதான். விரிந்து நிறம் இன்னும் முழுதாகக் கறுக்காத இளம் ஓலை சரியான பதம். 70 சதவீத எத்தனால் நனைத்த பஞ்சால் இரு பக்கமும் துடையுங்கள். ஈர்க்கைக் கிழித்துத் தள்ளிவிட்டு இதழை மட்டும் 1 செ.மீ. துண்டுகளாக நறுக்கி, ஓலை எடையைப் போல் குறைந்தது பத்து மடங்கு சிலிக்கா ஜெல்லில் போடுங்கள். அடுத்த நாள் எடுத்தால் ஒடிய வேண்டும். வளைந்தால் ஜெல்லை மாற்றுங்கள். மெதுவாகக் காய்ந்த ஓலை பழுப்பாகிவிடும், அப்புறம் எந்தக் கிட்டும் காப்பாற்றாது.

கன்றில் எடுக்கும்போது குருத்தைத் தொடவே கூடாது. பனைக்கு வளர்முனை ஒன்றே ஒன்று, அது போனால் கன்று போயிற்று. பக்க இலையிலிருந்து 3-4 செ.மீ. கீற்று போதும்.

உயர மரத்தில் எட்டவில்லை என்று தண்டில் துளை போட்டுக் கேம்பியம் எடுக்கப் போகாதீர்கள். மற்ற மரங்களுக்கான வழி அது. பனைக்குக் கேம்பியம் இல்லை, போட்ட ஓட்டை மூடவும் மூடாது. நீளக் கழியில் கொக்கி, அல்லது விழுந்த பாளைத் துண்டு பச்சையாகக் கிடைத்தால் அது. அடியில் புதிதாக நீளும் வேர் நுனியும் ஆகும், ஆனால் பக்கத்து மரத்து வேராக இல்லாமல் தண்டிலிருந்தே தொடர்ந்து பார்த்து எடுங்கள்.

பிரித்தெடுப்பு: காய்ந்த இதழ் 20 மி.கி., உருக்கு உருண்டை போட்டு மாவாக. சிடிஏபிக்கு (செல்லைக் கரைத்து டிஎன்ஏவை வெளியே கொண்டுவரும் சோப்பு போன்ற பொருள்) முன் 0.35 மோலார் சார்பிட்டால் கரைசலில் இரண்டு முறை கழுவி மையவிலக்குங்கள். மேலே வரும் கொழகொழப்புத் தண்ணீரை ஊற்றிவிடுங்கள், இரண்டாம் முறையும் கொழகொழத்தால் மூன்றாம் முறை. பிறகு 2 சதவீத சிடிஏபி, 1.4 மோலார் உப்பு, 100 மில்லிமோலார் டிரிஸ் பிஎச் 8, 20 மில்லிமோலார் ஈடிடிஏ, அதோடு 2 சதவீத பிவிபி (பாலிஃபீனாலைப் பிடித்துக்கொள்ளும் பொருள்). மெர்காப்டோஎத்தனாலை உபயோகிக்கும் அன்று மட்டும் சேர்க்கவும், புகைக்கூண்டுக்குள். 65 டிகிரியில் 45 நிமிடம், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். குளோரோஃபார்ம்-ஐசோஅமைல் 24:1 இரண்டு சுற்று.

நானோடிராப்பில் (டிஎன்ஏவின் சுத்தத்தை ஒளியால் அளக்கும் கருவி) 260/280 நன்றாக 1.8 காட்டி 260/230 ஒன்றுக்குக் கீழே கிடந்தால் சர்க்கரையும் ஃபீனாலும் இன்னும் உள்ளே இருக்கிறது. அந்த நிலையில் பலரும் பிசிஆரில் டிஎன்ஏவைக் கூட்டுவார்கள். நேர்மாறாகச் செய்யுங்கள். பத்துக்கு ஒன்றாக நீர்க்கச் செய்தால் தடுப்புப் பொருளும் நீர்த்துவிடும். கூடவே பிஎஸ்ஏ புரதம் சேர்த்தால் ஓடாதவற்றில் பெரும்பங்கு ஓடும்.


குருத்தோலை எழுதியது:

மூவருக்கும் நன்றி. மூலை மரங்கள் குடும்பம்தான் போலிருக்கிறது, ஜோடிக் கெழு 0.1-க்கு மேல் நிறைய வருகிறது. இனி கன்றுகள். அவற்றில் மகரந்தம் வந்த தூரத்தையும் விதை வந்த தூரத்தையும் எப்படிப் பிரிப்பது? பெற்றோர் கணிப்பில் இரண்டு பெற்றோர் கிடைத்தாலும் எது தாய் எது தந்தை என்று தெரியாதே.


கொட்டாங்கச்சி எழுதியது:

என் பெயரிலேயே இருக்கிறது விடை. கொட்டாங்கச்சி தாய் மரத்தின் திசு. கருவுறுதலில் அதற்குப் பங்கில்லை, ஆகவே அதன் மரபணு வகை தாயுடையது அப்படியே. கன்றின் அடியில் ஓடு இன்னும் ஒட்டியிருக்கும் பருவத்தில் எடுத்தால், ஓட்டிலிருந்து தாய், இலையிலிருந்து கன்று. கன்றில் தாயைக் கழித்தால் மிச்சம் தந்தை. தாய் நிற்கும் இடத்துக்கும் கன்றுக்கும் உள்ள தூரம் விதைப் பரவல். தாய்க்கும் தந்தைக்கும் உள்ள தூரம் மகரந்தப் பரவல்.

ஓட்டு டிஎன்ஏ சிதைந்துதான் வரும். 200 டிஎன்ஏ கார இணைக்குக் கீழான நீளமுள்ள இடங்களைத் தேர்ந்தெடுங்கள், ஒவ்வொன்றையும் மூன்று முறை ஓட்டுங்கள். இரண்டு அல்லீலில் ஒன்று விழுந்துபோவது இதில் சாதாரணம். வெளிப்புறத்தைச் சுரண்டிப் பூஞ்சையை அகற்ற வேண்டும். உள்ளே பருப்பு ஒட்டியிருந்தால் அதையும். பருப்பு மும்மடங்கு, தாயின் பங்கு இரண்டு, தந்தையின் பங்கு ஒன்று. அது கலந்தால் தாயிடம் இல்லாத அல்லீல் ஓட்டில் தெரிந்து உங்களைக் குழப்பும். முளைத்த கொட்டைக்குள் இருக்கும் தவுண் கன்றின் சொந்தத் திசு, அதையும் ஓட்டோடு சேர்த்து அரைத்துவிடாதீர்கள்.

தாய்-கன்று ஜோடி கிடைத்ததும் முதலில் பார்க்க வேண்டியது தந்தையை அல்ல, வெற்று அல்லீலை (மரத்தில் இருந்தும் பிசிஆரில் தெரியாதது). தாய் 182/182, கன்று 190/190 என்று ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால், ஓடு தவறானது என்று தூக்கி எறியாதீர்கள். தாய் உண்மையில் 182/வெற்று, கன்று 190/வெற்று. பிரைமர் உட்காரும் இடத்தில் ஒரு மாற்றம், அவ்வளவுதான். அந்த இடத்தைப் பெற்றோர் கணிப்பிலிருந்து நீக்குங்கள். உங்கள் உள்ளினக் கெழுவையும் அதுதான் ஊதிக் காட்டியிருக்கும்.

தந்தை விலக்கு நிகழ்தகவு (தந்தை அல்லாத மரத்தைச் சரியாக ஒதுக்கும் வாய்ப்பு) 0.99 என்றால் போதும் என்று தோன்றும். வேட்பாளர் மரம் 150 என்றால் 150 × 0.01, ஒன்றரை மரம் தற்செயலாகவே பொருந்தும். 0.999-க்கு மேல் வரும்வரை இடங்களைக் கூட்டுங்கள். மரங்களை விட்டுவிடாமல் எடுப்பதும் அதே அளவு முக்கியம். துண்டுக்கு 30 என்பது எல்லாக் காய்ப்பு மரமுமா, அதில் ஒரு மாதிரியா? மாதிரி என்றால் 'வெளித் தந்தை' என்று வருபவர் பக்கத்து மரமாகவே இருக்கலாம்.

முழுக் கணக்கெடுப்பு முடியவே முடியாது என்றால் வேறு வழி: 20 தாய் மரம், மரத்துக்கு 15-20 விதை, மரத்திலேயே பறித்தது. தாய்மாரிடையே மகரந்தத் தொகுப்பு எவ்வளவு வேறுபடுகிறது என்ற கெழுவிலிருந்து பயனுறு தந்தை எண்ணிக்கை கிடைக்கும்: 1 ÷ (2 × கெழு). கெழு 0.1 என்றால் ஐந்து. விதைகளை ஒரே பாளையிலிருந்து மட்டும் எடுக்க வேண்டாம், இரண்டு மூன்று பாளையிலிருந்து எடுங்கள். ஒரு பாளையில் பெண் பூ ஏற்கும் நாட்கள் கொஞ்சம், அந்த நாட்களில் பக்கத்தில் எந்த ஆண் பூ விரிந்திருந்ததோ அதுவே தந்தை. ஆண் பூ முன்னால், பெண் பூ பின்னால் என்று இருப்பதால் அதே பாளைக்குள் தன்மகரந்தம் நடக்காது என்றாலும், அதே மரத்தின் அடுத்த பாளை முந்திக்கொண்டு விரிந்தால் நடக்கும்.


ஈர்க்கு எழுதியது:

இதோடு ஒன்று சேர்க்கிறேன், முடிவை எழுதும்போது உதவும். விதை நகர்ந்தால் இரண்டு மரபணுத் தொகுதியும் நகர்கிறது, மகரந்தம் நகர்ந்தால் ஒன்றுதான். அதனால் மொத்தப் பரவலின் வர்க்கத்தில் மகரந்தத்தின் பங்கைப் பாதியாகத்தான் எடுப்பார்கள். வண்டு துண்டு தாண்டி வருகிறதே என்று அதை மட்டும் நம்பாதீர்கள், விதை சுமப்பது யார் என்று பாருங்கள்.

பிரேசிலின் அட்லாண்டிக் காட்டில் யூடெர்பி எடுலிஸ் என்ற பனையின் விதையை விழுங்கும் டூக்கன் போன்ற பெரிய அலகுப் பறவைகள் போன இடங்களில் விதையே சிறுத்துவிட்டது என்று 2013-இல் கலெட்டி குழு காட்டியது. மிஞ்சிய சிறு பறவைகளால் பெரிய விதையை விழுங்க முடிவதில்லை. சிறிய விதை சீக்கிரம் காய்ந்தும் போகிறது. இதற்கு எதிர்ப்பக்கம் ஈக்வடாரின் ஈனோகார்ப்பஸ் படாவா என்ற பனை: குடைக்கொண்டைப் பறவையின் ஆண்கள் பல மரங்களில் தின்றுவிட்டுத் தங்கள் கூடுமிடத்தில் வந்து கொட்டையை உமிழ்கின்றன. அந்த இடத்துக் கன்றுகளில் தாய்மார் கலவை அதிகம். ஆகவே கன்று மாதிரியை எங்கே எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து விடையே மாறும். தாய் மரத்தடியில் மட்டும் எடுத்தால் குடும்பம்தான் கிடைக்கும். பறவை அமரும் இடம், ஓடைக்கரை, திறந்த வெளி எல்லாவற்றிலும் எடுங்கள்.

மேய்ச்சல் நிலத்தில் மீண்டும் முளைத்து வரும் காடு பக்கத்தில் இருந்தால் அதையும் பாருங்கள். கோஸ்டா ரிகாவில் இரியார்ட்டியா டெல்டாய்டியா என்ற பனை பற்றி 2005-இல் வந்த ஆய்வில், அப்படி மீண்டெழுந்த காட்டின் மரபணுக்களில் பாதிக்கு மேல் முதுகாட்டின் இரண்டே மரங்களிலிருந்து வந்தவை என்று தெரிந்தது. பார்க்கப் பசுமையான காடு, மரமும் நிறைய.


தாளிப்பனை எழுதியது:

துண்டுகளுக்கு நடுவே கன்று நட்டு இணைக்கும் யோசனை இருந்தால் இரண்டு குறிப்பு. விதை சேகரிக்கும் தாய்மரங்களுக்கு இடையே, உறவுக் கெழு சுழியாகும் தூரத்துக்கு மேல் இடைவெளி விடுங்கள், அந்த எஸ்பி வரைபடமே அதைச் சொல்லிவிடும். மரத்துக்கு மரம் ஒரே எண்ணிக்கை விதை. நிறையக் காய்த்த மரத்தில் மூட்டை கட்டுவது வசதி, ஆனால் டெலி கதைதான் திரும்ப வரும்.

இன்னொன்று அழகுக்கு நட்ட உறவினங்கள். ஃபீனிக்ஸ் (ஈச்சை) பேரினத்தில் இனங்கள் தாராளமாகக் கலக்கும். கானரித் தீவுகளில் அந்த மண்ணுக்கே உரிய ஈச்சையோடு நட்டு வளர்த்த பேரீச்சை கலப்பது நீண்ட நாள் தலைவலி. வட ஆப்பிரிக்கப் பேரீச்சையிலேயே கிரீட் ஈச்சையின் மரபணு கலந்திருக்கிறது. உங்கள் இனத்தின் பேரினத்தில் வேறொன்று அருகே நடப்பட்டிருந்தால் அதன் பத்து மரங்களையாவது அதே 12 இடங்களில் ஓட்டி வையுங்கள். இல்லாவிட்டால் கன்றுகளில் புதிதாக முளைக்கும் அல்லீலைப் பார்த்துப் 'பன்மை கூடிவிட்டது' என்று மகிழ்ந்துவிடுவீர்கள். குளோரோபிளாஸ்ட் தாய்வழி வருவது, ஆகவே உள்ளூர் குளோரோபிளாஸ்டும் வெளி அல்லீலும் ஒரே கன்றில் இருந்தால் வந்தது மகரந்தம், விதை இல்லை.


குருத்தோலை எழுதியது:

30 என்பது மாதிரிதான், எல்லா மரமும் இல்லை. சிறிய துண்டு இரண்டிலும் காய்ப்பு மரம் மொத்தமே 45, 60. அந்த இரண்டை முழுசாக எடுத்துவிட்டு அங்கே பெற்றோர் கணிப்பு, பெரிய இரண்டில் தாய்மரத்துக்கு 20 விதை என்று பிரித்துக்கொள்கிறேன். ஆறு வரத்து என்ற வரியை அடித்தாயிற்று.


கொட்டாங்கச்சி எழுதியது:

நல்ல பிரிப்பு. சிறிய துண்டுகளில் ஓரத்து மேய்ச்சல் நிலத்தில் தனியாக நிற்கும் மரங்களையும் கணக்கில் சேருங்கள். காட்டுக்குள் இருப்பவற்றைவிட அவை வெயிலில் அதிகம் பூக்கும், தந்தைப் பட்டியலில் முதலில் வருபவை பெரும்பாலும் அவைதான்.